குச்சி இடதுபக்கம், பொத்தான் வலதுபக்கம்

மூன்றாவது வட்டம் பச்சையாகவில்லை. நான்காவதும் ஆகவில்லை. தெய்வசிகாமணி மூன்றாவது பொத்தானை மறுபடி அழுத்தினார். டக் என்ற சத்தம் நன்றாக வந்தது, சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏழு அங்குலத் திரையில் வரிசையாக நின்ற நான்கு வட்டங்களில் முதல் இரண்டு மட்டும்தான் அழுத்தினால் பச்சையாயின. மற்ற இரண்டும் தங்களை யாரும் கூப்பிடவில்லை என்பதுபோல் சாம்பல் நிறத்திலேயே நின்றன. நேற்று மாலை நான்கும் பச்சையாயின. இன்று காலை எட்டே முக்காலுக்கும் ஆயின. எட்டு ஐம்பதுக்கு மூடியை வைத்து, எட்டுத் திருகாணிகளையும் முடுக்கி, பழைய பனியன் துணியால் ஒரு முறை துடைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தபோது இரண்டு செத்துக் கிடந்தன. எட்டுத் திருகாணிகளையும் கழற்றினார். இப்போது மணி ஒன்று பத்து, அந்த எட்டையும் ஐந்தாவது முறையாகக் கழற்றி மிளகாய்த்தூள் டப்பாவின் மூடியில் போட்டிருந்தார். கோளாறு எங்கே என்று தெரியாமல் இல்லை, அதுதான் எரிச்சல். ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் இரண்டு கால்கள். ஒரு காலிலிருந்து வண்ணக் கம்பி, சீட்டுக்கட்டு அளவே இருந்த கம்ப்யூட்டர் போர்டுக்குத் தனித்தனியாகப் போகிறது. இன்னொரு காலில் கறுப்புக் கம்பி, அது எல்லாருக்கும் பொது. ஜாய்ஸ்டிக் குச்சியில் தொடங்கி ஒன்றாம் பொத்தான், இரண்டாம் பொத்தான் என்று தெருவில் வீடுவீடாகப் போகும் குடிநீர்க் குழாய்போல் போகிறது. இரண்டாம் வீட்டைத் தாண்டியதும் குழாய் விட்டுப்போயிருக்கிறது. மூன்றாவது வீட்டுக்கும் நான்காவது வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. நகராட்சியில் இருபத்தாறு வருடமாகக் குழாய்க்கும் சாக்கடைக்கும் வரைபடம் போடுகிற ஆளுக்கு இது புரியாதா? புரிந்தது. ஒரு சொட்டு ஈயம் வைத்தால் முடிந்தது. ஒரு சொட்டு, கடுகளவு. அதை உருக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் ஐந்து மணிக்குத்தான் வரும்.

மாதாந்திரப் பராமரிப்பு. செவ்வாய்க்கிழமை என்று பேப்பரில் போட்டிருந்தான். செவ்வாய்க்கிழமை என்று இவரும் காலண்டரில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். செவ்வாய் மழை பெய்தது என்று வியாழனுக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றியதை யாரிடம் சொன்னார்கள்? காலை ஒன்பது மணிக்கு மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றை இழந்து நின்றபோதுதான் கரூர் முழுவதற்கும் தெரிந்தது. சால்டரிங் அயர்ன் அப்போது பாதிதான் சூடேறியிருந்தது. ஈயத்தில் வைத்தார், ஒட்டவில்லை. ஈயம் மெழுகுபோல் மழுங்கி, கம்பியில் ஒரு தழும்பு வைத்துவிட்டு நகர்ந்தது. அயர்ன் ஆறிப்போய் இப்போது மேசைமேல் ஒரு பேனாவைப்போல் கிடக்கிறது. ஐந்து மணி. ஐந்து மணிக்கு மின்சாரம் வந்து என்ன பயன், மூன்று மணிக்கு ஆட்டோ வந்துவிடும். மூன்றரைக்கு மைனாவதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்க வேண்டும். படுத்திருக்க வேண்டும் என்பது இவருடைய கணக்கு. அவளுடைய கணக்கு வேறு. இவர் விரலால் கறுப்புக் கம்பியைப் பொத்தானின் காலோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். மூன்றாவது வட்டம் பச்சையானது. நான்காவதும். விரலை எடுத்தார். இரண்டும் வெளுத்தன. மறுபடி பிடித்தார். பச்சை. எடுத்தார். வெளுப்பு. நாலு மணி நேரம் விரலை உள்ளே விட்டுக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பது? இன்சுலேஷன் டேப் போட்டு இறுக்கலாம். போட்டாயிற்று, பதினொரு மணிக்கே. இந்த வெக்கையில் பசை இளகி டேப் வழுக்கிக்கொண்டு வந்தது. பேப்பர் கிளிப் வைத்துக் கவ்வலாம். வைத்தாயிற்று, மூடியை வைத்ததும் கிளிப் சரிந்து பக்கத்துக் காலைத் தொட்டது, மூன்றாவது வட்டம் அழுத்தாமலே பச்சையாகி அப்படியே நின்றது, அது இன்னும் மோசம்.

"ஏனுங்க." பக்கத்து அறையிலிருந்து மைனாவதியின் குரல் வந்தது. "ஆச்சுங்களா?"

"ஆயிடும் மைனா."

"ஆயிடுமா, ஆயிடுச்சுங்களா? காத்தால இருந்து ஆயிடும் ஆயிடும்னுட்டேதான் இருக்கறீங்க."

அந்தக் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. சிரிப்புக்கு நடுவில் ஒரு மூச்சு வாங்கியது. இவர் காது அந்த மூச்சைத்தான் பிடித்தது. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. நேற்று மூன்று சொல்லுக்கு ஒன்று. போன வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்த அன்று, எதிர்வீட்டுக்காரியோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் பேசினாள். அப்புறம் திங்கட்கிழமை வந்தது. திங்களும் வியாழனும் அவளுடைய நாட்கள், ஒன்றரை வருடமாக. திங்கட்கிழமை இவர் ஃபைலையும் போர்வையையும் பையில் வைத்துவிட்டு வந்து பார்த்தால் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். நான் வரலீங்க என்றாள். என்ன பண்ணுது என்றார். ஒண்ணும் பண்ணல, வரலே, அவ்வளவுதான். நாலு மணி நேரம் அந்த வெள்ளைக் கூரையப் பாத்துட்டுக் கிடக்க என்னால முடியாது. கூரையில பன்னெண்டு சதுரம் இருக்குது, ஒரு சதுரத்துல ஈரக்கறை, அது போன வருசம் ஆட்டுக்குட்டியாட்ட இருந்துச்சு, இப்ப எருமையாட்ட ஆயிருச்சு, போதுமுங்க. இவர் கெஞ்சினார், அதட்டினார். அவள் அண்ணனிடம் போனில் பேசச் சொன்னார், பேசமாட்டேன் என்றாள். ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் போனது. செவ்வாய்க்கிழமை அவள் முகம் வீங்கியது. டயாலிசிஸ் வார்டு சிஸ்டர் எஸ்தர் போனில் கத்தினாள்: விளையாட்டா சார் இது, இன்னொரு தடவ விட்டீங்கன்னா மூச்சுத் திணறி நேரா எமர்ஜென்சிக்குத்தான் தூக்கிட்டு வருவீங்க, வியாழக்கிழமை கண்டிப்பாக் கூட்டிட்டு வாங்க. அன்றைக்குத்தான் இவர் வாய் தவறிச் சொன்னார், மைனா, உனக்கு ஒரு பெட்டி பண்ணீட்டு இருக்கறேன், அந்தப் பொருட்காட்சியில விளையாடினியே, அந்தக் கப்பல் ஆட்டம், கையிலயே வெச்சு விளையாடற மாதிரி. வியாழக்கிழமைக்குள்ள முடிச்சிடறேன், முடிஞ்சிடுச்சுன்னா வரணும். அவள் திரும்பிப் பார்த்தாள். ஒன்றரை வருடத்தில் அப்படி ஒரு பார்வையை இவர் பார்த்ததில்லை. நெசமாலுமா என்றாள். முடியலீன்னா என்றாள். இப்போது மணி ஒன்று இருபத்தைந்து. முடியவில்லையென்றால்.

முடியவில்லையென்றால் என்ன, தூக்கிக்கொண்டு போவதா? அவளைத் தூக்க முடியுமா? தூக்கி ஆட்டோவில் வைத்துவிடலாம், ஊசி போடும்போது கையை நீட்டமாட்டேன் என்றால் என்ன செய்வது? அதுவும் அந்த வார்டுக்குள் நடப்பது, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். இவர் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம். இந்தப் பக்கம் மூன்று இரும்பு நாற்காலிகள், நடுநாற்காலிக்கு ஒரு கால் குட்டை. இவர் ஓர நாற்காலி. ஒன்றரை வருடமாக, வாரம் இரண்டு நாள், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். அங்கே உட்கார்ந்துதான் இந்தப் பெட்டியை முதலில் மனத்தில் கட்டினார். எந்த போர்டு, எந்தத் திரை, ப்ளைவுட் ஆறு மில்லிமீட்டரா ஒன்பதா, பவர் பேங்க் எந்தப் பக்கம் இருந்தால் எடை சரியாக நிற்கும். பவர் பேங்க் நடுவில். ஸ்பீக்கர் துளை பத்தொன்பது, தேன்கூடுபோல. நோயாளியோடு ஒரு ஆளை வார்டுக்குள் விடுவார்கள் என்பதை மட்டும் இவர் அங்கே உட்கார்ந்து நினைத்துப் பார்க்கவில்லை. ஸ்பீக்கர் துளை பத்தொன்பது. மூன்று, நான்கு, ஐந்து, நான்கு, மூன்று, கூட்டினால் சரியாக வரும். முதல் நாள் இவரும் உள்ளே போனார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். சிஸ்டர் எஸ்தர் ஏதோ ஒரு விசையைத் தட்டினாள், மெஷினின் முகத்தில் ஒரு சக்கரம் சுற்றத் தொடங்கியது, தெளிந்த குழாய் ஒன்று சிவந்தது. மையோட்டம்போல் அந்தச் சிவப்பு குழாய்க்குள் முன்னேறி வந்ததை இவர் பார்த்தார். அது மைனாவின் கையிலிருந்து வருகிறது என்பது ஒரு விநாடி கழித்துத்தான் புரிந்தது. அப்புறம் தரை. கண் விழித்தபோது யாரோ சிரித்தார்கள், பக்கத்துக் கட்டிலில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், நல்ல மனிதர்தான், பேஷண்ட் யாருங்க சிஸ்டர், இவரா அந்தம்மாவா என்று கேட்டார். அன்றோடு சரி. உள்ள விட மாட்டேங்கறாங்க மச்சான், ரூல்ஸாம், என்று அவள் அண்ணனிடம் போனில் சொன்னார். சொல்லிக்கொண்டே திரும்பினால் மைனா பின்னால் நிற்கிறாள். கேட்டிருப்பாளா? கேட்டிருக்கமாட்டாள். கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாளே. அவள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். கறுப்புக் கம்பி. கறுப்புக் கம்பியைப் பார், சிகாமணி. கம்பியை விட்டுவிட்டு எங்கெங்கோ போகிறாய்.

வியர்வை மூக்கு நுனியிலிருந்து போர்டின்மேல் விழப் பார்த்தது, தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகக் காற்று வரவில்லை. பக்கத்துத் தெருவில் யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டர் ஓடியது. அந்த வீட்டுக்குப் போய் ஐந்து நிமிடம் பிளக் பாயிண்ட் கேட்கலாமா? அது யார் வீடு? போன மாதம் அவர்கள் வீட்டு முன்படி சாக்கடைக் கோட்டுக்குள் வருகிறது என்று வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டவர் இவர். அவர்கள் பிளக் பாயிண்ட் தருவார்கள்! விரலை வைத்தார், பச்சை. எடுத்தார், வெளுப்பு. அந்தப் பொருட்காட்சியில் இப்படியெல்லாம் யார் யோசித்தார்கள், காசு போட்டால் மெஷின் ஓடியது. கல்யாணமாகி நாற்பதாவது நாள். ராட்டினத்துக்கு வரமாட்டேன் என்றாள், தலை சுற்றுமாம். அப்பளம் வேண்டாம் என்றாள், எண்ணெயாம். எதைக் கேட்டாலும் உங்க இஷ்டமுங்க என்றாள். கூடாரத்துக்குள் ஆறேழு வீடியோ கேம் மெஷின்கள், சுற்றிலும் கல்லூரிப் பையன்கள். கீழே ஒரு கப்பல், மேலிருந்து கற்கள் விழும், சுட வேண்டும். இவர்தான் முதலில் ஆடிக் காட்டினார், அரை நிமிடத்தில் மூன்று கப்பலும் போயின. நான் பாக்கறனுங்க என்று கண்ணாடி வளையலை மேலே தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றாள். இடது கை குச்சியில், வலது கை பொத்தானில். அந்த இரண்டு கையும் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டன. இடது கை நகர்வதற்குள் வலது கை சுட்டிருந்தது. பதினைந்து நிமிடம், ஒரே காசு. பின்னால் பையன்கள் கூடிவிட்டார்கள். பெரிய கல் ஒன்று வெடித்தபோது, உங்க இஷ்டமுங்க என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாத அந்தப் பெண், மாட்னியாடா! என்று கூடாரம் அதிரக் கத்தினாள். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியது வலது கை. இடது கை குச்சியை விடவில்லை. அந்தக் காட்சிதான். அதை வைத்துத்தான் இந்தப் பெட்டி. பெட்டி முழுவதும் அந்தக் கத்தலுக்காகத்தான்.

ஒரு மணி நாற்பதுக்கு இவருக்கு வேறொன்று தோன்றியது. ஈயத்துக்கு மின்சாரம் எதற்கு? சூடுதானே வேண்டும்? அயர்ன் என்பது ஒரு நுனியைச் சூடாக்குகிற சாமான், அவ்வளவுதான். கேஸ் அடுப்பில் நெருப்பு இருக்கிறது. எழுந்தார், சாமான் டப்பாவைத் தரையில் கொட்டினார், நாலங்குல ஆணி ஒன்றை எடுத்தார், இடுக்கியால் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். நுனி சிவக்கும்வரை நீல நெருப்பில் காட்டினார். அங்கிருந்து மேசைக்கு எட்டு எட்டு. எட்டு எட்டு நடப்பதற்குள் சிவப்பு கறுப்பாகிவிட்டது. ஈயம் சிரித்ததுபோல் ஒருமுறை மினுங்கிவிட்டுச் சும்மா இருந்தது. மறுபடி போனார், ஓடி வந்தார், கதவு நிலையில் முழங்கையை இடித்துக்கொண்டார், ஆணி தரையில் விழுந்து லினோலிய விரிப்பில் ஒரு பொத்தல் போட்டது. இவருக்கு அழுகை வந்தது. ஐம்பத்தொரு வயது ஆள், லீவு போட்டுவிட்டு, பழுக்கக் காய்ச்சிய ஆணியோடு வீட்டுக்குள் ஓடுகிறான். அப்புறம்தான் சின்னப் பிள்ளைக்கும் தோன்றக்கூடியது தோன்றியது. ஆணியை ஏன் மேசைக்குக் கொண்டு வருகிறாய், பெட்டியை அடுப்புக்குக் கொண்டு போ. பெட்டியை மேடையில் வைத்தார். பொத்தான் காலைச் சுரண்டிச் சுத்தம் செய்தார், கம்பியை அதில் சுற்றினார், ஆணியைக் காட்டினார், எடுத்தார், வைத்தார். ஈயம் ஒரு கணம் தயங்கியது. பிறகு கண்ணாடிபோல் பளபளத்து, கம்பியையும் காலையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. ஊதினார். நாற்பது எண்ணினார். அழுத்தினார். பச்சை, பச்சை, பச்சை, பச்சை. கம்பியை இழுத்துப் பார்த்தார். பச்சை. மூடியை வைத்தார், எட்டுத் திருகாணி, அழுத்தினார், பச்சை. மணி இரண்டு பதினெட்டு.

அப்போதே எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் இவர் வரைவாளர், ஒருமுறை சோதிக்காமல் எதையும் கையை விட்டு அனுப்பியதில்லை. சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடி நான்காவது பொத்தானை அழுத்தி ஆட்டத்தைத் தொடங்கினார். இடது கை குச்சியில், வலது கை பொத்தானில். இரண்டு உள்ளங்கையும் பெட்டியின் இரண்டு ஓரத்திலும் அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்தன. உட்காராதா? டிராயிங் ஷீட்டில் தன் இரண்டு கையையும் விரித்து வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அதற்குத் தகுந்தாற்போல்தானே வளைவு கொடுத்தார். பதினான்கு அங்குலம், இம்மி பிசகாது. கப்பல் நகர்ந்தது, சுட்டது, கல் வெடித்தது, பத்தொன்பது துளை வழியாகச் சத்தம் வந்தது. அரை நிமிடத்தில் மூன்று கப்பலும் போயின, அது பெட்டியின் குற்றம் இல்லை. இவருக்குச் சிரிப்பு வந்தது. பெட்டியை இரண்டு கையாலும் தாம்பாளம்போல் ஏந்திக்கொண்டு, மைனா, ஆயிடுச்சு, ஆயிடும் இல்ல, ஆயிடுச்சு, என்று சொல்லத் தயாராக வாயைத் திறந்தபடி அறைக்குள் போனார். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். வலது கை வயிற்றின்மேல் இருந்தது. இடது கை உடம்பிலிருந்து விலகி, தனியாக ஒரு சின்னத் தலையணையின்மேல், உள்ளங்கை மேலே பார்க்க நீட்டிக்கிடந்தது. வீட்டில் தூங்கும்போதும் அவள் அப்படித்தான் வைத்துக்கொள்கிறாள், பழகிவிட்டது. முழங்கைக்குக் கீழே டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய்களை ஒட்டவைத்த இடம் கயிறுபோல் புடைத்திருந்தது. அந்தக் கையில்தான் இரண்டு ஊசியும். அந்தக் கையை நாலு மணி நேரம் அசைக்கக் கூடாது.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அசைக்கக் கூடாது. இது தெரியாதா? ஒன்றரை வருடமாக அந்தக் கையில் தண்ணீர்ச் சொம்பைக்கூட எடுக்கவிடாமல் பார்த்துக்கொண்டவர் யார்? அந்தக் கையில் பிரஷர் பார்க்க வந்த புது நர்ஸிடம் பாய்ந்தவர் யார்? தினமும் தொட்டுப் பாருங்க, உள்ளே மோட்டார் ஓடறாப்ல அதிரும், அதிர்வு நின்னா உடனே வாங்க, என்று டாக்டர் சொன்னார். அவளே காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள், இவர் தொட்டதில்லை, ஆனால் தெரியும், எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு கைக்குப் பெட்டி செய்திருக்கிறார். குச்சி இடதுபக்கம். எந்தக் கை? எந்த இடது கை? பொருட்காட்சியில் கண்ணாடி வளையல் போட்டிருந்த கை. ஷீட்டில் பென்சிலால் வரைந்த கை, அது இவருடைய கை. இவர் பெட்டியை ஏந்தியபடி சத்தமில்லாமல் பின்வாங்கி, அடுத்த அறைக்கு வந்து, சுவரில் ஒட்டியிருந்த ஷீட்டின் முன்னால் நின்றார். கீழே வலது மூலையில், ஆபீஸ் பழக்கத்தில் போட்ட கட்டம். வரைந்தவர்: தெய்வசிகாமணி. சரிபார்த்தவர்: தெய்வசிகாமணி. ஆபீஸில் இப்படி ஒரு ஷீட் வந்தால் உதவிப் பொறியாளர் அதை இவர் முகத்திலேயே எறிவார். வரைந்தவனே சரிபார்க்கக் கூடாது, அவன் கண்ணுக்கு அவன் நினைத்ததுதான் தெரியும், தாளில் இருப்பது தெரியாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இவரே எத்தனை முறை சொல்லியிருக்கிறார். முடிந்தபிறகு பார் என்று அவளிடம் ஒருநாளும் ஷீட்டைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் ஒரே நொடியில் சொல்லியிருப்பாள். குச்சியை நடுவில் கொண்டுவரலாம், புதுத் துளை, புதுப் பலகை, இரண்டு நாள். தானாகவே சுடுகிற மாதிரி மாற்றலாம், அதற்கும் கீபோர்டு வேண்டும், ஆபீஸில் இருக்கிறது, மாற்றினால் அவள் சுட என்ன மிச்சம், மாட்னியாடா என்று எதைப் பார்த்துக் கத்துவாள்? மணி இரண்டு முப்பத்தைந்து. பெட்டி தயாராகிவிட்டது. பெட்டி தயாராகவில்லை. இரண்டும் உண்மை. எதை அவளிடம் சொல்வது?

"என்னங்க, ஷீட்டப் பாத்துட்டு நிக்கறீங்க?"

மைனாவதி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் ஊதி, கண் சிறுத்திருந்தது. இவர் பெட்டியை மறைக்கப் பார்த்தார். பதினான்கு அங்குலத்தை எங்கே மறைப்பது? அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை வாங்கிக்கொண்டாள். "குடுங்க இங்க," என்றாள். மடியில் வைத்துக்கொண்டாள். வலது கையால் மூடியைத் தடவினாள், பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள், குச்சியைத் தொட அதே வலது கையை இந்தப் பக்கம் கொண்டுவந்தாள். ஆட்டினாள். மறுபடி பொத்தானுக்குக் கொண்டுபோனாள். இப்படி ஒரு முறை, இன்னொரு முறை. இவர் தரையைப் பார்த்தார்.

"நல்லா வழவழன்னு இருக்குது," என்றாள். பிறகு சொன்னாள்: "எனக்கு எத்தன கைன்னு நெனச்சீங்க?"

"தப்புப் பண்ணிட்டேன் மைனா."

"ஊரு சாக்கடைக்கெல்லாம் அளவு எடுக்கறீங்க. பொண்டாட்டி கைய எண்ணலே."

"ரெண்டு நாள் குடு. திங்கக்கெழமைக்குள்ள பலகைய மாத்திடறேன். இன்னைக்கு மட்டும் வந்துடு. உன் காலப் பிடிச்சுக் கேக்கறேன்."

"காலு வீங்கிக் கெடக்குது, பிடிக்காதீங்க." அவள் சிரித்தாள், இருமினாள், இருமல் அடங்கும்வரை இவர் மூச்சு விடவில்லை. அவள் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்: "பலகையெல்லாம் மாத்த வேண்டாம். நான் வாரன். சுடறது நானு. இந்தப் பக்கம் கப்பல ஓட்டறது நீங்க."

"நானா? நான் எப்படி? உள்ள விட…"

விட மாட்டாங்களே என்ற மீதி வாயில் தயாராக இருந்தது. எத்தனையோ பேரிடம் சொல்லி வழுவழுப்பான சொல். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பார். அவள் அப்படிப் பார்க்கவில்லை. அரை நிமிடத்தில் மூன்று கப்பலையும் விட்டுவிட்டு வந்து நின்றாரே, அன்றைக்குப் பார்த்ததுபோல் பார்த்தாள்.

"ஒரு ஆள விடுவாங்க," என்றாள். "செருப்பக் கழட்டிட்டு வரோணும். அவ்வளவுதானுங்க."

கேட்டிருக்கிறாள். அன்றைக்கே கேட்டிருக்கிறாள். ஒன்றரை வருடம் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனதுபோலவே இருந்திருக்கிறாள். பன்னிரண்டு சதுரம், ஒரு ஈரக்கறை. கூரையைப் பார்க்க முடியாது என்றுதானே சொன்னாள். அந்தக் கூரைக்குக் கீழே வேறு யாரும் இல்லை என்பதைச் சொல்லவில்லை. இவர் கேட்கவும் இல்லை, ஒரு பெட்டி செய்து உள்ளே அனுப்பப் பார்த்தார். வெளியே ஹாரன் அடித்தது. "அண்ணா, மூணாச்சுங்கோ!" என்று ஆட்டோக்காரர் கூப்பிட்டார். "இன்னைக்காச்சும் அக்கா வருதுங்களா, இல்ல நான் டீ குடிக்கப் போகட்டுங்களா?"

"வருது, வருது," என்றாள் மைனாவதி உள்ளிருந்தே, இரண்டு சொல், ஒரு மூச்சு. "ரெண்டு பேரு."

ஆட்டோவில் பெட்டி இவர் மடியில் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மூன்று நாற்காலிகளும் அதே இடத்தில் இருந்தன. ஓர நாற்காலியைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினார். தரை சில்லென்றது. "சார், நீங்களா?" என்றாள் சிஸ்டர் எஸ்தர். "தண்ணி தெளிக்க ரெடியா வெச்சுக்கட்டுமா?" ஜவுளிக்கடைக்காரர் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். சாப்பாட்டு மேசையைக் கட்டிலின் குறுக்கே தள்ளி அதன்மேல் பெட்டியை வைத்தபோதுதான் இவருக்கு அடுத்தது உறைத்தது. குச்சி இடதுபக்கம். மெஷினும் இடதுபக்கம். ஸ்டூலை அங்கேதான் போட வேண்டும், மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில், குழாய் தன் முழங்கையை உரசிக்கொண்டு போகிற இடத்தில். வரைந்தவர் தெய்வசிகாமணி. உட்கார்ந்தார். ஊசி போடும்போது திரையைப் பார்த்தார், திரையில் நான்கு வட்டங்கள். சக்கரம் சுற்றத் தொடங்கியது, சத்தம் கேட்டது, சட்டைக் கைக்குப் பக்கத்தில் ஏதோ வெதுவெதுப்பாக நகர்ந்தது, திரையைப் பார், சிகாமணி, திரையை மட்டும் பார். மைனா நான்காவது பொத்தானை அழுத்தினாள். கல் விழுந்தது. குச்சியைத் தள்ளினார், கப்பல் போனது, டக் என்றது, கல் வெடித்தது. இன்னொன்று. டக். இரண்டு கைகள், இரண்டு ஆட்களுடையவை, ஒன்றையொன்று தேடித் தட்டுத் தடுமாறின. மூன்றாவது கல் பெரியது. அது மூலையிலிருந்து வரும்போது இவர் கண் ஒரே ஒரு கணம் வழுக்கியது. சிவப்பு. குழாய் முழுக்க, அமைதியாக, அவளிடமிருந்து போய் அவளிடமே திரும்பிக்கொண்டிருந்தது.

"இடதுபக்கமுங்க! இடதுபக்கம்! அட, எங்கீங்க பாக்கறீங்க?"

வார்டே திரும்பிப் பார்த்தது. கப்பல் வெடித்துச் சிதறியது. மைனாவதி வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவருக்கு உதடு குளிர்ந்தது, காதுக்குள் ஈ பறந்தது. ஸ்டூலின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை குச்சியை விடவில்லை.

"போச்சு," என்றார்.

"போனாப் போகுது." அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் மூணே முக்கா மணி நேரம் இருக்குது. பழகிக்குவீங்க." நான்காவது பொத்தானை அழுத்தினாள்.